நாய் குரைக்கேல்லையே

எங்கள் குறும்படம் ஓடி முடிந்து லைற் போட்டதும், விருந்தினராக வந்திருந்த ஒருவர் ஒலிவாங்கியைப் பிடித்தார். ஒளிப்பதிவைப் பாராட்டினார், நடித்த பிள்ளையைப் பாராட்டினார், அப்புறம் ஒலிக்கு வந்தார். “ஷூட்டிங் நடந்த இடத்தில் நாய்த் தொல்லை போல இருக்கிறது. எடிட்டிங்கில் கொஞ்சம் சுத்தம் செய்திருக்கலாம்” என்றார். முன்வரிசையில் இருந்த இயக்குநர் கழுத்தைத் திருப்பி, பின்வரிசையில் இருந்த என்னைத் தேடினான். நான் குனிந்து சப்பாத்து நூல் கட்டுவதுபோல் பாவனை செய்தேன். அன்று நான் போட்டிருந்தது செருப்பு.

அந்த நாய்கள் ஒன்றும் தற்செயலாக வந்து விழுந்தவை இல்லை. தனித்தனியாகப் பதிவு செய்து, தூரம் பார்த்து, எது முதலில் எது பிறகு என்று தீர்மானித்து, இரண்டு கிழமைக்கு மேல் இரவிரவாக இருந்து அடுக்கியவை. அந்த மனிதர் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. தூர இடத்திலிருந்து வந்தவர், படம் எடுத்துப் பழகியவர், மற்றப் படங்களைப் பற்றி அவர் சொன்னவையெல்லாம் சரியாகத்தான் இருந்தன. அதுதான் பிரச்சினை. விஷயம் தெரியாதவர் சொல்லியிருந்தால் வீட்டுக்கு வரும் வழியிலேயே மறந்திருப்பேன். மூன்று மாதமாகிறது, இன்னும் அந்த வசனத்தோடு மனதுக்குள் வாதாடிக்கொண்டிருக்கிறேன்.

கதையைச் சொன்னால் ஒரு நிமிடத்தில் முடிந்துவிடும். 2011 ஆகஸ்ட். கிறீஸ் பூதக் காலம், உடம்பில் கிறீஸ் பூசிய மர்ம ஆட்கள் இரவில் வீடு புகுகிறார்கள் என்ற பயம் பரவியிருந்த நாட்கள். அதற்கு மேல் விளக்கத் தேவையில்லை. யாழ்ப்பாணத்து நாவாந்துறையில், பூதத்தைத் துரத்திய சனத்தை ஆமி இரவில் வீடு புகுந்து அடித்ததற்குப் பிறகு எந்த வீட்டில் யார் எப்படித் தூங்கினார்கள் என்பது உங்களுக்கும் தெரியும். எனக்கு அப்போது 10 வயது. வீட்டில் இருந்த எல்லா லைற்றையும் போட்டுவிட்டு நாலு பேரும் நடு அறையில் பாய் விரித்துப் படுத்தோம். எங்கள் படத்தில் ஏ.எல். படிக்கும் பிள்ளை ஒருத்தி சின்னத் தம்பியோடு ஓர் இரவு தனியாக இருக்கிறாள். அம்மா ஆஸ்பத்திரியில் அப்பாவுக்குத் துணையாக நிற்கிறார். வளவுக்குள் யாரோ நிற்பதுபோல் இருக்கிறது. பிறகு விடிகிறது. அவ்வளவுதான், 11 நிமிடம். பூதம் வராது, பூதத்தின் நிழல்கூட வராது. அதைக் காட்டக் காசும் இல்லை, காட்டும் எண்ணமும் இல்லை. யாரோ நிற்கிறார்கள் என்பதைக் காதுதான் சொல்ல வேண்டும். அந்தப் பொறுப்பு என் தலையில் விழுந்ததற்கு ஒரே காரணம், எங்கள் கூட்டத்தில் என்னுடைய லப்டொப்தான் சூடேறி நிற்காமல் ஓடும்.

முதல் வெட்டும் பலாலிப் பிளேனும்

முதல் வெட்டில், அதாவது படத்தை முதல்முறை தொகுத்தபோது, நான் செய்ததை ஒளிக்காமல் சொல்கிறேன். இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும் ஒலிகளில் திகில் என்று தேடி, வந்ததையெல்லாம் இறக்கினேன். அடியில் 40 ஹேர்ட்ஸ் அளவில் ஊமையாக முழங்கும் ஒரு ட்ரோன், அதாவது மாறாமல் நீண்டு ஒலிக்கும் ஒற்றைச் சத்தம். அதற்கு மேல் இதயத்துடிப்பு. பிள்ளை ஜன்னலை நோக்கி நடக்கும்போது ஏறிக்கொண்டே போகும் ஒரு ரைசர். திரும்பும் இடத்தில் வயலினைக் கீறியதுபோல் ஒரு வெட்டு. போதாதென்று ஷெப்பர்ட் டோன் வேறு. 1964 இல் ரொஜர் ஷெப்பர்ட் என்ற உளவியலாளர் விளக்கிய ஒரு காது மாயம் அது. ஒரே சுரத்தைப் பல ஸ்தாயிகளில் அடுக்கி எல்லாவற்றையும் ஒன்றாக மேலே நகர்த்துவார்கள். மேலே போகும் அடுக்கு மெதுவாக மறையும்போது கீழே புதிதாக ஒன்று மெதுவாக நுழையும். கேட்பவருக்கு ஒலி முடிவில்லாமல் ஏறிக்கொண்டே போவதாகத் தோன்றும். எடிட்டிங் சொல்லித்தரும் வீடியோக்களில் பாதிப்பேர் இதைச் சொல்வார்கள், நானும் போட்டேன். ஹெட்போனில் கேட்க எனக்கே நெஞ்சு இறுகியது. கெட்டிக்காரன் என்று என்னை நானே மெச்சிக்கொண்டு இரண்டு கோப்பை தேத்தண்ணி குடித்தேன்.

அடுத்த நாள் எங்களுக்குக் கீழ் வருடத்துப் பிள்ளைகள் சிலருக்குப் போட்டுக் காட்டினோம். ஷெப்பர்ட் டோன் ஏறத் தொடங்கியதும் ஒருத்தி பக்கத்தில் இருந்தவளின் காதில் ஏதோ சொன்னாள், இரண்டு பேரும் வாயைப் பொத்தினார்கள். என்னவென்று கேட்டேன். “ஒண்டுமில்லை அண்ணா, பலாலியில பிளேன் எழும்புற மாதிரிக் கிடக்கு.” அதற்குப் பிறகு வயலின் வெட்டு வந்தபோது முழு அறையும் சிரித்தது. இயக்குநர் அன்று என்னோடு கதைக்கவில்லை.

அன்றிரவே அந்தப் படத்தை என் கைப்பேசியில் போட்டுப் பார்த்தேன். ஹெட்போன் இல்லாமல், சாதாரணமாக எல்லாரும் பார்ப்பதுபோல். முழங்கல் இல்லை. இதயத்துடிப்பு பல்லி சொல்வதுபோல் ‘டிக் டிக்’ என்று மட்டும் கேட்டது. கைப்பேசியின் குட்டி ஸ்பீக்கரால் அவ்வளவு தாழ்ந்த ஒலிகளைத் தர முடியாது. நான் நாள்கணக்கில் கட்டிய பயத்தில் பெரும்பகுதி அந்த ஸ்பீக்கரின் வாசலிலேயே செத்துக் கிடந்தது. அது போன பிறகு மிஞ்சியதைக் கேட்டால் பிள்ளையின் வசனம், கால் அடி, கதவு மட்டும்தான். மற்றபடி வெறுமை. ஒரு வீடு வானத்தில் தனியாகத் தொங்கியதுபோல் இருந்தது.

அந்த வெறுமையையும் நான்தான் செய்திருந்தேன். ஷூட்டிங் நடந்தது ஆடி மாதம், சோளகக் காற்று உச்சத்தில். சோளகத்தில் பனை சும்மா இருக்காது என்பதை ஒலிப்பதிவு செய்யப் போன எங்களுக்கு யாரும் சொல்லித்தரவில்லை. மைக்குக்கு ரோமத் தொப்பி போட்டும் பதிவு முழுக்க ஓலை சரசரத்தது. தூரத்தில் கோயில் ஸ்பீக்கர். ஒழுங்கையில் மோட்டார்சைக்கிள். அதற்குள் நாய்கள். இதில் ரூம் டோன் எடுக்கவும் மறந்துவிட்டோம். ஒரு காட்சி முடிந்ததும் எல்லாரும் அசையாமல் நின்று, அந்த இடத்தின் சும்மா இருக்கும் சத்தத்தை ஒரு நிமிடமாவது பதிவு செய்ய வேண்டும். வசனங்களுக்கு இடையில் வெட்டும்போது தெரியும் ஓட்டையை அதை வைத்துத்தான் அடைப்பார்கள். நாங்கள் காட்சி முடிந்ததும் வடை சாப்பிடப் போய்விட்டோம். ஆகவே நான் இரைச்சல் நீக்கும் மென்பொருளைப் போட்டு எல்லாவற்றையும் வழித்துத் துடைத்தேன். அது நல்ல மென்பொருள். சில்வண்டையும் சேர்த்துத் துடைத்துவிட்டது.

அம்மம்மா கேட்டது

அம்மம்மாவுக்கு 78 வயது. யாழ்ப்பாணத்து வின்சர், ராஜா தியேட்டர்களில் படம் பார்த்து வளர்ந்தவர், இப்போது பின்னேர நாடகங்களோடு சரி. அவரிடம் அபிப்பிராயம் கேட்கும் எண்ணம் எனக்கு இருக்கவில்லை. ராத்திரி ஒன்றரைக்குத் தண்ணீர் குடிக்க எழும்பியவர், விறாந்தையில் வெளிச்சத்தைக் கண்டு வந்து நின்றார். “உதில என்னத்தைத்தான் பாக்கிறாய், இரா முழுக்க?” என்று கேட்டார். ஹெட்போனைக் கழற்றி, ஸ்பீக்கரில் போட்டுவிட்டேன். லப்டொப் ஸ்பீக்கர், அதிலும் முழங்கல் பாதிக்கு மேல் காணாமல் போய்விடும். அம்மம்மா கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டு, சேலைத் தலைப்பால் தோளை மூடிக்கொண்டு பார்த்தார்.

பிள்ளை ஜன்னல் அருகே வந்து உறைந்து நிற்கும் இடம். படத்தின் உச்சம். நடித்த பிள்ளையின் முகம் உண்மையிலேயே நன்றாக இருக்கும் இடம்.

“இந்தப் பிள்ளை ஏன் பயப்பிடுது?”

“வளவுக்க ஆரோ நிக்கினம், அம்மம்மா.”

அவர் திரையைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். “நாய் குரைக்கேல்லையே.”

அந்த வீட்டில் நாய் இல்லை என்று சொன்னேன். “வீட்டில இல்லாட்டி என்ன? ஒழுங்கையில இல்லையே? ஊரிலயே இல்லையே?” என்றார். கிண்டல் இல்லை. படத்தில் ஒரு பிழை இருக்கிறது, அதைச் சொல்கிறார், அவ்வளவுதான். ராத்திரி, ஆள் நடமாட்டம், நாய் இல்லை. அவருடைய காதுக்கு இது கணக்குப் பிழைத்த படம். யாரும் வரவில்லை என்று அவர் காது தீர்ப்புச் சொல்லிவிட்டது, பிள்ளையின் முகம் என்ன சொன்னாலும் அவர் நம்பத் தயாரில்லை.

அப்புறம் அவர் தண்ணீர் குடிக்க மறந்து கதைத்தார். இந்தியன் ஆமி இருந்த காலம். “முதல் சந்தியடியில குரைக்கும். பிறகு கோயிலடியில. பிறகு எங்கட ஒழுங்கை நாயள் எழும்பும். நாயை வச்சே எவ்வளவு தூரத்தில வாறாங்கள் எண்டு சொல்லிப்போடுவம். வைரவர் கோயிலடி நாய் குரைச்சால் விளக்கை நூர்ப்பம்.” செல்லடிக் காலத்தில் பலாலி ஆமி முகாம் பக்கம் செல் ‘குத்துகிற’ சத்தம் கேட்டு, அது எங்கே போய் விழும் என்று மூச்சைப் பிடித்துக்கொண்டு இருந்ததை அம்மா சொல்லிக் கேட்டிருக்கிறேன். ஹெலியா, குண்டு போடும் சகடை பிளேனா என்பதை வானத்தைப் பார்க்காமலே சொல்லும் காதுகள் அவை. எனக்கு வகுப்பில் சொல்லித்தந்த எந்த ஒலிப் பாடமும் இவர்கள் உயிரைக் காப்பாற்றப் படித்த பாடத்துக்குக் கிட்ட வராது. நான் ஒரு கேள்வி கேட்டேன்.

“குரைச்ச நாய் டக்கெண்டு நிண்டால்?”

அம்மம்மா கொஞ்ச நேரம் பேசவில்லை. “நிண்டால் ஒண்டில் போட்டாங்கள். இல்லாட்டி இஞ்சதான் நிக்கிறாங்கள்.”

பிறகு குசினிக்குப் போய்த் தண்ணீர் குடித்துவிட்டுப் படுத்துவிட்டார். நான் விடியும்வரை படுக்கவில்லை. ‘ஒன்றில் போய்விட்டார்கள், இல்லாவிட்டால் இங்கேதான் நிற்கிறார்கள்.’ எங்கள் படம் முழுவதும் அந்த இரண்டுக்கும் நடுவில்தான் இருக்கிறது. அதை நாங்கள் எழுதியிருக்கவில்லை, எடுத்திருக்கவில்லை. நான் துடைத்தெறிந்த அசல் பதிவைத் திறந்து கேட்டேன். அதே காட்சியில், மூன்றாம் முறை எடுத்த ரேக்கில், மிகத் தூரத்தில் ஒரு நாய் இரண்டு தரம் குரைத்திருக்கிறது. மென்பொருள் அதை இரைச்சல் என்று எடுத்துப் போட்டிருந்தது. நானும் சரி என்று சொல்லியிருந்தேன்.

மூன்று நாய்கள், ஒரு பனம்பழம்

ட்ரோன், ரைசர், வயலின் எல்லாவற்றையும் எடுத்துவிடப் போகிறேன் என்றபோது இயக்குநர் சண்டைக்கு வந்தான். இசை இல்லாமல் திகில் படமா என்று கேட்டான். 1963 இல் ஹிட்ச்காக் எடுத்த ‘த பேர்ட்ஸ்’ படத்தில் பின்னணி இசையே கிடையாது, மற்றப் படங்களில் அவருக்கு இசையமைத்த பெர்னார்ட் ஹெர்மன் அதில் ஒலி ஆலோசகராகத்தான் இருந்தார் என்றேன். “மச்சான், அதில பறவைச் சத்தம் கனக்க மெஷின்ல செய்தது. ஓஸ்கார் சாலா எண்டவர் மின்சார வாத்தியத்தில வாசிச்சது. உன்னட்ட என்ன மெஷின் கிடக்கு?” என்று திருப்பி அடித்தான். அவன் படித்திருக்கிறான், அதை ஒப்புக்கொள்ள வேண்டும். பிறகு அவனே ஒரு யோசனை சொன்னான். ட்ரோன்தானே செயற்கையாக இருக்கிறது, அதற்குப் பதிலாகப் பட்டத்தில் கட்டும், காற்றில் கூவும் வில்லான விண்ணின் சத்தத்தைப் போட்டால் என்ன? இரவு முழுக்க வானத்தில் நின்று கூவும், எங்கள் ஊர்ச் சத்தம், இதைவிட என்ன வேண்டும்? எனக்கும் ஆசையாகத்தான் இருந்தது. ஆனால் கதை நடப்பது ஆகஸ்ட்டில். வாடைக்காற்றுக்கு ஏற்றும் பட்டத்தைச் சோளகத்தில் ஏற்றினால் அம்மம்மா அடுத்த கேள்வியைக் கேட்பார். அழகான சத்தம் என்பதற்காகப் பொய்ச் சத்தத்தைப் போட முடியாது என்று அவனையும் என்னையும் சமாதானப்படுத்தினேன். இன்னொரு படத்துக்கு அது இருக்கட்டும்.

நாய் பிடிக்கிற வேலை நான் நினைத்ததைவிடக் கஷ்டம். எங்கள் ஜிம்மி என்னைக் கண்டால் குரைக்காது, வாலை ஆட்டிக்கொண்டு மைக்கை நக்கும். ஆகவே நண்பன் ஒருவனை இரவு ஒரு மணிக்கு ஹெல்மெட் போட்டுக்கொண்டு ஒழுங்கை வழியே நடந்து வரச் சொன்னேன். நான் மொட்டைமாடியில் தண்ணீர்த் தாங்கிக்குப் பக்கத்தில் ரெக்கோர்டரோடு இருந்தேன். அவன் சந்தியில் திரும்பியதும் முதல் நாய் எழும்பியது. பிறகு நடந்ததை இயக்கவே தேவையில்லை. அம்மம்மா சொன்ன அதே ஒழுங்கில் ஒன்று மற்றொன்றுக்குக் கைமாற்றிக் கொடுப்பதுபோல் சத்தம் எங்கள் வீட்டை நோக்கி வந்தது. நான் சிலிர்த்துப்போய் ஹெட்போனை அழுத்திப் பிடித்துக்கொண்டு இருக்கும்போதே, பக்கத்து வீட்டு மாமா பொல்லும் டோர்ச்சுமாக வெளியே வந்து “ஆரடா அது?” என்று ஒரு குரல் வைத்தார். நண்பன் ஹெல்மெட்டைக் கழற்றுவதா ஓடுவதா என்று தெரியாமல் மதிலோடு ஒட்டி நின்றான். மாமாவைச் சமாதானப்படுத்த அரை மணித்தியாலம் ஆனது. அவருடைய குரலும் பதிவில் இருக்கிறது. அனுமதி கேட்டு, மிகத் தூரத்தில், கவனித்தால் மட்டும் கேட்கும் அளவில் படத்தில் சேர்த்தேன். ஒலிப்பதிவில் அதைவிட உண்மையான பயம் எங்களிடம் வேறு இல்லை.

அந்த ஒரு பதிவை அப்படியே போடவும் முடியாது. நண்பன் நடந்த வேகம் வேறு, எங்கள் காட்சியின் நீளம் வேறு. ஆகவே மூன்று நாயாகப் பிரித்துக்கொண்டேன். தூர நாய்க்கு ஒலியைக் குறைத்தால் மட்டும் போதாது. வெறுமனே குறைத்தால் தூரத்து நாயாகத் தோன்றாது, பக்கத்தில் நின்று மெதுவாகக் குரைக்கும் நாயாகத்தான் இருக்கும். காற்றில் தூரம் போகப் போகக் கூர்மையான ஒலிகள்தான் முதலில் தேயும். லோ பாஸ் வடிகட்டி போட்டு மேல்பகுதியைச் சீவி, மதில்களிலும் வீடுகளிலும் பட்டுத் திரும்பும் எதிரொலியைக் கொஞ்சம் கூட்டினால்தான் நாய் சந்திக்குப் போகும். இரண்டாவது நாய்க்கு அதில் பாதி. மூன்றாவதுக்கு ஒன்றும் இல்லை, அது கழுத்துச் சங்கிலியோடு, மூச்சிரைப்போடு, வேலிக்கு அந்தப் பக்கத்தில் நிற்கும். இந்தத் தூரக் கணக்கில் எனக்குக் கொஞ்சம் பைத்தியமே பிடித்தது. பிள்ளை ஜன்னலால் பார்க்கும்போது ஒழுங்கை முடிவில் ஒருவர் கேற்றை அடித்துச் சாத்துவார். ஒலி வினாடிக்குச் சுமார் 340 மீற்றர் போகும். எங்கள் படம் வினாடிக்கு 25 பிரேம், அதாவது ஒரு பிரேமுக்குள் ஒலி கிட்டத்தட்ட 14 மீற்றர்தான் கடக்கும். கேற் இருந்தது 40 மீற்றருக்கு அப்பால். சத்தத்தை மூன்று பிரேம் பிந்தி வைத்தேன். யாரும் கவனிக்கப்போவதில்லை. ஆனால் சரியாக ஒட்டி வைத்தபோது பக்கத்து அறைக் கதவு போல இருந்தது, மூன்று பிரேம் பிந்தியதும் ஒழுங்கை நீண்டது.

பெரிய வேலை நாயை நிறுத்துவதில் இருந்தது. மூன்றாவது நாய் உச்சத்தில் குரைத்துக்கொண்டிருக்கும்போது சட்டென்று நிற்க வேண்டும். முதலில் எல்லாத் தடங்களையும் சேர்த்து வெட்டிப் பார்த்தேன். இயக்குநர் “வயர் கழண்டிட்டுது” என்று லப்டொப்பின் பின்பக்கத்தைப் பார்த்தான். டிஜிட்டல் வெறுமை அமைதியாகத் தோன்றாது, பழுதாகத்தான் தோன்றும். அமைதிக்கும் ஒரு சத்தம் வேண்டும். அதற்காகவே இன்னோர் இரவு போய், நாங்கள் வடை சாப்பிடப் போனதால் விட்டுப்போன ரூம் டோனை, அதே வீட்டு விறாந்தையில் இருந்து பத்து நிமிடம் எடுத்து வந்தேன். சில்வண்டு ஒன்று சுவருக்கு அருகே, மற்றவை தூரத்தில். அதைக் கேட்டுக்கொண்டிருந்தபோது ஒன்று பிடிபட்டது. நான் எழும்பி ஒரு அடி வைத்ததும் அருகே இருந்த சில்வண்டு நின்றிருக்கிறது. தூரத்தில் இருந்தவை நிற்கவில்லை. படத்திலும் அப்படியே செய்தேன். நாய் நிற்கிறது. ஒன்றரை வினாடி கழித்து, ஜன்னலுக்குக் கிட்ட இருக்கும் சில்வண்டு நிற்கிறது. தூரத்துச் சில்வண்டுகள் தம்பாட்டில் இரைகின்றன. இவ்வளவுதான். அந்த இரண்டாவது நிற்பு வந்தபோது, எல்லாம் நானே செய்தது என்று தெரிந்தும், விறாந்தைக் கதவை ஒருமுறை திரும்பிப் பார்த்தேன்.

அப்புறம் நாலு வினாடி கழித்து ஒரு ‘தொப்’. பனம்பழம். அது நாங்கள் கேட்டு வாங்கியது இல்லை. ஷூட்டிங்கில் நல்ல ரேக் ஒன்றைக் கெடுத்துக்கொண்டு வீட்டுக் கோடியில் தகரத்தில் விழுந்தது. பிள்ளை நடிப்பை மறந்து உண்மையாகவே துள்ளினாள், எல்லாரும் சிரித்தோம், அந்த ரேக்கைக் குப்பையில் போட்டோம். குப்பையிலிருந்து அதை எடுத்தேன். அந்தத் துள்ளலும் அந்தச் சத்தமும்தான் இப்போது படத்தின் உச்சம். உலர்ந்த காவோலையில் நானே நடந்து பதிவு செய்த காலடிகள் எட்டு வகை இருக்கின்றன, ஒன்றையும் பாவிக்கவில்லை. பனம்பழம் விழுந்த பிறகு காலடி தேவைப்படவில்லை. ஆள்காட்டிக் குருவி ஒன்றையும் தரவை வெளிப் பக்கம் போய்ப் பதிவு செய்தேன், பெயருக்கேற்ற பறவை, ஆள் கண்டால் கத்தும். அதையும் வெளியே எடுத்தேன். பதிவு செய்தவனுக்குத்தான் அந்த வலி தெரியும்.

யாருடைய காதுக்கு

திரையிட்ட அன்று அந்த உச்சக் காட்சியில் மண்டபம் அமைதியாக இருந்தது. நாய் நின்ற இடத்தில் எனக்கு முன்னால் இருந்த ஒரு தாய் பக்கத்தில் இருந்த மகளின் கையைப் பிடித்ததைக் கண்டேன். ‘தொப்’ வந்தபோது சிலர் துள்ளினார்கள், பிறகு பனம்பழம் என்று விளங்கிச் சிரித்தார்கள். முதல் வெட்டுக்கு வந்த சிரிப்பு வேறு, இது வேறு. எனக்கு அதுவே போதும் என்று இருந்தேன். அப்போதுதான் விருந்தினர் எழும்பி, நாய்த் தொல்லை என்றார்.

முதலில் கோபம். பிறகு, கெட்டித்தனமாக, அவருக்குப் பதில் எழுதுவதுபோல் மனதுக்குள் எழுதினேன்: ஐயா, அது எங்கள் ஊரின் சங்கேதம், உங்களுக்கு விளங்காது. இந்தப் பதில் இரண்டு நாள் இனித்தது. மூன்றாம் நாள் புளித்துவிட்டது. ஏனென்றால் எனக்கும் அது விளங்கியிருக்கவில்லையே. நானும் அந்த நாயைத் தொல்லை என்று துடைத்தவன்தான். இதே ஒழுங்கையில் பிறந்து, இதே நாய்களைக் கேட்டு வளர்ந்து, ஹெட்போன் போட்டு உட்கார்ந்ததும் அந்த விருந்தினரின் காது எனக்கு வந்துவிட்டது. சுத்தமான சத்தம் நல்ல சத்தம் என்று யார் எப்போது எனக்குள் எழுதினார்கள் என்று தெரியவில்லை. பார்த்த படங்களாக இருக்கலாம், வீடியோப் பாடங்களாக இருக்கலாம், மென்பொருளின் பொத்தானாகவும் இருக்கலாம். அவருக்கும் எனக்கும் வித்தியாசம், என் வீட்டில் ராத்திரி ஒன்றரைக்குத் தண்ணீர் குடிக்க ஒருவர் எழும்பினார்.

இன்னொரு பக்கமும் இருக்கிறது. வேறு ஊரில் இதைப் பார்ப்பவருக்கும் நாய் நிற்பது பயத்தைத் தர வேண்டும் என்றால் நான் இன்னும் ஏதாவது செய்திருக்க வேண்டுமா? பிள்ளை ஒருமுறையாவது நாய்ச் சத்தத்துக்குக் காது கொடுப்பதைக் காட்டியிருந்தால், அவளுடைய காதைப் பின்தொடர்ந்து அவரும் வந்திருப்பார் என்று இப்போது தோன்றுகிறது. முதல் நாய் குரைக்கும்போது அவள் பேனையை நிறுத்தும் ஒரு ஷொட், இரண்டு வினாடி. எங்களிடம் அந்த ஷொட் இல்லை. ஷூட்டிங் நடந்தபோது படத்தில் நாயே இல்லை. ஒலியைப் பற்றி எடிட்டிங் மேசையில் யோசிக்கத் தொடங்கியவன் கட்டும் அபராதம் அது. விருந்தினர் சொன்ன மருந்து பிழைதான். நோய் இருக்கிறது.

முடிந்த படத்தை அம்மம்மாவுக்குப் போட்டுக் காட்டினேன். இந்த முறை நானே கூப்பிட்டு, அவருடைய அறையில், கட்டிலில் இருத்தி, நல்ல ஸ்பீக்கர் ஒன்று இரவல் வாங்கி. முதல் நாய் குரைத்ததும் “ஆ” என்றார், பிழை திருத்தப்பட்டதைக் கண்ட வாத்தியார் போல. இரண்டாவது நாய். “இது எந்த வீட்டு நாய்?” எங்கள் ஒழுங்கைதான் என்றேன். மூன்றாவது நாய் ஜிம்மி என்பதைக் கண்டுபிடித்துச் சிரித்தார். பிறகு ஜிம்மி நின்றது. சில்வண்டு நின்றது.

“லைற்றை நூர்” என்றார் அம்மம்மா.

சாதாரணக் குரலில்தான் சொன்னார். படத்தில் இருக்கும் பிள்ளைக்குச் சொல்கிறார் என்று நினைத்து நான் அசையவில்லை. அவர் கட்டிலை விட்டு இறங்கி, சுவரைப் பிடித்துக்கொண்டு போய், அறை லைற்றை நிறுத்திவிட்டு வந்து இருந்தார். பனம்பழம் விழுந்தது. மிச்சம் மூன்று நிமிடமும் இருட்டில் பார்த்தோம். படத்தைப் பற்றி அவர் அன்று ஒன்றும் சொல்லவில்லை. நான் அடுத்த நாளும் கேட்கவில்லை. அப்படி ஒரு சத்தத்தை அவருடைய அறைக்குள் கொண்டுபோய் வைத்திருக்கக் கூடாதோ என்ற எண்ணம் வந்து வந்து போகிறது. அதற்கு என்னிடம் பதில் கிடையாது.

இயக்குநரிடம் மட்டும் சொன்னேன். அவன் கொஞ்சம் யோசித்துவிட்டு, 2011 இல் எல்லாரும் லைற்றைப் போட்டுவிட்டுத்தானே படுத்தார்கள், படத்தில் பிள்ளை லைற்றோடு இருப்பது சரிதான் என்றான். அதுவும் சரி. எங்கள் வீட்டிலும் அப்படித்தான் படுத்தோம். அன்றிரவு நடு அறையில், என் பக்கத்துப் பாயில் அம்மம்மாவும் படுத்திருந்தார். லைற் வெளிச்சத்தில் அவருக்குத் தூக்கம் வராமல் முகத்தைச் சேலைத் தலைப்பால் மூடிக்கொண்டார் என்றுதான் நான் இவ்வளவு காலமும் நினைத்திருந்தேன்.